திருத்த முடியாத கோடு

(ஜப்பானிய மை ஓவியம், தூரிகை எழுத்து ஆகியவை குறித்து ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். அது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தவர் செஷ்ஷூ தோயோ என்னும் ஜென் துறவி. ஆண்டு 1495. ஜப்பானியக் கணக்குப்படி அப்போது அவருக்கு 76 வயது. சுவரில் தொங்கவிடும் ஒடுக்கமான சுருள் அது. உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், அகலம் ஓர் அடியைச் சற்றே தாண்டும். படம் இருப்பதோ அதன் கீழ்ப்பகுதியில் மட்டும். பின்னால், நீர்த்த மையில் மங்கலாகச் சில மலைகள். முன்னால், அந்த ஈரம் காய்வதற்குள் அடர்ந்த மையை அள்ளி வீசியதுபோல் ஒரு பாறையும் மரங்களும். பாறையின் அடியில் சில கோடுகளில் ஒரு கூரை, பக்கத்தில் மதுக்கடையின் கொடி. வலப்பக்கம் ஒரு படகு, அதில் இரண்டு பேர். படகுக்கும் ஆட்களுக்குமாகச் செலவான கோடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தண்ணீரை அவர் வரையவே இல்லை. வெறுந்தாளைத்தான் நம் கண் தண்ணீராக எடுத்துக்கொள்கிறது.

இப்படி மையை உடைத்தும் சிதறவிட்டும் வரைவதை ஹாபொக்கு என்பார்கள். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: "துறவி கண்ணை மூடித் தியானம் செய்திருப்பார், ஒரு நொடியில் ஞானம் வந்திருக்கும், தூரிகையை வீசியிருப்பார், படம் பிறந்துவிட்டது." ஜப்பானிய மை ஓவியம் என்றாலே உலகம் முழுக்க இந்தக் கதைதான் சொல்லப்படுகிறது.

அதே சுருளில் படத்துக்கு மேலே பாருங்கள். அங்கே எழுத்துகள் இருக்கின்றன. செஷ்ஷூ தன் கைப்பட எழுதிய குறிப்பு அது. சோயென் என்ற மாணவர் பல காலம் அவரிடம் பயின்றுவிட்டுத் தம் ஊர்ப்பக்கம் திரும்புகிறார். குருவிடம் பயின்றதற்குச் சான்றாக ஒரு படம் கேட்கிறார். அதற்காக வரைந்ததே இது. அந்தக் குறிப்பில் செஷ்ஷூ ஞானத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் ஆசிரியர்களைப் பற்றிப் பேசுகிறார். சீனாவுக்குப் போனதையும், அங்கே யார் யாரிடம் கற்றார் என்பதையும் சொல்கிறார். அந்தப் பயணத்துக்குப் பிறகுதான், தன் நாட்டிலேயே தனக்கு முன் வாழ்ந்த ஜோசெட்சு, ஷூபுன் ஆகியோரின் உயரம் எவ்வளவு என்று விளங்கியதாகவும் எழுதுகிறார்.

நொடிப்பொழுதில் பிறந்ததாக உலகம் கொண்டாடும் படத்தின் தலைமேலேயே, வரைந்தவர் தன் குருபரம்பரையை எழுதிவைத்திருக்கிறார். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். ஜப்பானிய மைக் கலையில் கை வீசும் நேரம் மிகக் குறைவு. அந்த வீச்சுக்குப் பின்னால் கரி பிடித்தவர், தாள் காய்ச்சியவர், மயிர் சீவியவர், முன்னோரின் எழுத்தை வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதியவர் என்று பெரிய கூட்டமே நிற்கிறது. அந்தக் கூட்டத்தை மறந்துவிட்டு வீச்சை மட்டும் புகழ்ந்தால், அந்தக் கலையை நாம் பார்த்ததாகவே ஆகாது.

மை எப்படிப் பிறக்கிறது

முதலில் மை. ஜப்பானில் அதற்குச் சுமி என்று பெயர். புட்டியில் வரும் திரவமாக அதை நினைக்காதீர்கள். மரபான சுமி கட்டியாகத்தான் இருக்கும். ஜப்பானில் செய்யப்படும் மைக்கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நாரா நகரத்திலிருந்து வருகின்றன. அங்கே 1577-இல் தொடங்கிய கொபாய்யென் என்ற பட்டறை இன்றும் நடக்கிறது. நாராவின் கொஃபுகுஜி கோயிலில் விளக்குகள் எரிந்து கூரையில் படிந்த கரியைத் துறவிகள் சேர்த்து மை செய்ததிலிருந்து இந்தத் தொழில் அந்த ஊரில் வேர்விட்டது என்பது மரபு.

செய்முறை எளிமையானது, உழைப்புதான் கடுமை. இருண்ட அறையில் வரிசையாக அகல்கள். அவற்றில் எண்ணெய், கோரைத் தண்டில் திரித்த திரி. மேலே மண்மூடி. நம் வீடுகளில் கண்மைக்காக விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்களே, அதே முறைதான். கரி ஒரே இடத்தில் தடிக்காமல் இருக்க மூடியை அவ்வப்போது திருப்பிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திரி மெலிதாக இருந்தால் கரித்துகளும் நுண்ணியதாக இருக்கும். கடுகின எண்ணெயிலும் எள்ளெண்ணெயிலும் பிடித்த கரி சற்றே பழுப்பு சாய்ந்த கறுப்பைத் தரும். பைன் மரத்தை எரித்துப் பிடித்த கரியில் துகள் பெரியது. அதில் செய்த மையை நீர்த்துப் பூசினால் நீலம் தட்டும். ஒரே கறுப்புதான் என்று நாம் நினைப்பதில் இத்தனை வேறுபாடு இருக்கிறது. மையிலேயே ஐந்து நிறம் உண்டு என்று சீனத்திலும் ஜப்பானிலும் பழைய காலந்தொட்டுச் சொல்லிவருவது வெறும் பேச்சில்லை.

கரியை மட்டும் தாளில் தேய்த்தால் உதிர்ந்துவிடும். அதைப் பிடித்துவைப்பது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை, நிகாவா. கரியும் பசையும் கலந்த உருண்டையைக் கையாலும் காலாலும் பிசைந்து, பேரி மர அச்சில் அழுத்துவார்கள். கோடையில் பசை கெட்டுவிடும் என்பதால் குளிர்மாதங்களில்தான் இந்த வேலை நடக்கும். அச்சிலிருந்து எடுத்த கட்டியை வெயிலில் வைத்தால் வெடித்துப்போகும். ஆகவே முதல் நாள் ஈரச் சாம்பலில் புதைப்பார்கள், மறுநாள் சற்றே உலர்ந்த சாம்பலில், அதற்கடுத்த நாள் இன்னும் உலர்ந்ததில். சிறிய கட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்கு ஒரு மாதத்துக்கு மேல். பிறகு வைக்கோலில் கட்டி உத்தரத்தில் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். கடைசியில் சிப்பியால் தேய்த்து மெருகேற்றினால் மைக்கட்டி ஆயிற்று. இதோடும் முடியவில்லை. ஆண்டுகள் போகப்போக உள்ளே பசையின் வலு தளர்ந்து, மை தாளில் பரவும் விதம் மென்மையாகிறது. அதனால்தான் பல பத்தாண்டுப் பழைய மைக்கு அங்கே தனி மதிப்பு.

இந்த மை அழிவதில்லை. நாராவின் பழைய அரண்மனைப் பகுதியில் 1961 முதல் மண்ணைத் தோண்டத் தோண்ட, எட்டாம் நூற்றாண்டில் எழுதிய மெல்லிய மரத்துண்டுகள் கிடைத்துவருகின்றன. வரிப்பொருள்களின் பெயர்ச்சீட்டுகளும் அலுவலகக் குறிப்புகளும் அவற்றில் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டு ஈரமண்ணில் கிடந்தும் எழுத்து படிக்கும்படி இருக்கிறது.

கல், தூரிகை, தாள்

மைக்கட்டியைத் தேய்க்க ஒரு கல் வேண்டும், அது சுசுரி. அதன் சமதளத்தைத் 'தரை' என்றும் பள்ளத்தைக் 'கடல்' என்றும் சொல்வார்கள். தரையில் சில துளி நீர் விட்டு, கட்டியை அழுத்தாமல் நிதானமாக வட்டமிட்டுத் தேய்த்து, மை தடித்ததும் கடலுக்குத் தள்ள வேண்டும். கல்லின் முகத்தில் கண்ணுக்குப் படாத நுண்ணிய பற்கள் உண்டு, அவைதான் மையைக் கடிக்கின்றன. மியாகி மாநிலத்தின் ஒகாட்சு இந்தக் கற்களுக்குப் பேர்போன ஊர். 2011 மார்ச் 11 சுனாமி அந்த ஊரையே வாரிக்கொண்டு போனது. ஆனாலும் கல் செதுக்குவோர் திரும்பி வந்து தொழிலைத் தொடர்கிறார்கள்.

தூரிகைக்கு ஹிரோஷிமாவுக்கு அருகே குமானோ. ஜப்பானின் எழுத்துத் தூரிகைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு அங்கே செய்யப்படுகின்றன. மலைசூழ்ந்த, விளைநிலம் போதாத ஊர். அங்கிருந்த உழவர்கள் வேலையில்லாக் காலத்தில் நாராப் பக்கம் கூலிக்குப் போய், திரும்பும்போது தூரிகையும் மையும் வாங்கி வழியெல்லாம் விற்றுவந்தார்கள். பிறகு செய்முறையையே கற்றுக்கொண்டார்கள். ஆடு, குதிரை, மரநாய் வகை, மான் என்று மயிர் பலவகை. உமிச் சாம்பல் தூவி, மான்தோலில் சுற்றித் தேய்த்து எண்ணெய்ப்பசையை எடுக்க வேண்டும். அப்புறம் நுனி மழுங்கிய மயிரையும் தலைகீழாக நிற்கும் மயிரையும் விரல்நுனியால் தடவிக் கண்டுபிடித்து, சிறு கத்தியால் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ஒரு கெட்ட மயிர் தங்கினாலும் கோடு பிளக்கும். தேய்ந்துபோன தூரிகைகளை அந்த ஊரார் குப்பையில் போடுவதில்லை. ஆண்டுதோறும் இலையுதிர்காலத் திருவிழாவில் நன்றி சொல்லி எரிக்கிறார்கள்.

தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முசுக்கட்டை இனத்தைச் சேர்ந்த கோசோ செடியின் பட்டை நாரில் செய்யும் தாள் நீளநாருடையது, வலுவானது. 2014-இல் யுனெஸ்கோ இந்தக் கைத்தாள் மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டது. ஓவியத்துக்கும் எழுத்துக்கும் முக்கியமானது, தாள் மையை உறிஞ்சும் விதம். தூரிகை தொட்ட கணமே மை நாருக்குள் இறங்கிவிடும். அதைச் சுரண்டி எடுக்க முடியாது.

மேலே இன்னொரு கோடு போட்டு மறைக்கலாமா? அதுவும் முடியாது. முதல் கோட்டின் பசை தாளில் வழியடைத்து நிற்பதால், அடுத்துப் போட்ட கோடு அதற்கு அடியில் போனதுபோலத்தான் தெரியும். நீர்த்த மையில் இரண்டு கோடுகள் குறுக்கிட்டால் எது முதலில் போட்டது என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். எது எப்போது போட்டது, எங்கே கை தயங்கியது, எங்கே அவசரப்பட்டது என்பதெல்லாம் தாளில் பதிவாகிவிடுகிறது. திருத்த முடியாத கோடு என்று நான் சொல்வது இதைத்தான்.

எழுத்து

இந்தக் கோட்டை ஆளக் கற்றுக்கொடுப்பது எழுத்து. கிழக்காசியாவில் ஓவியரும் எழுதுபவரும் பிடிப்பது ஒரே தூரிகை, தேய்ப்பது ஒரே மை. எழுத்து அங்கே ஓவியத்துக்குத் தாய்.

எழுத்தில் ஐந்து நடைகள் உண்டு. மிகப் பழையது தென்ஷோ, முத்திரைகளில் வெட்டும் எழுத்து. இன்றும் ஜப்பானியக் கடவுச்சீட்டின் அட்டையில் இருப்பது அதுதான். அடுத்தது ரெய்ஷோ, பழைய அலுவல் எழுத்து. ஜப்பானிய யென் தாள்களில் வங்கியின் பெயர் அந்த நடையில் இருக்கிறது. மூன்றாவது கைஷோ, ஒவ்வொரு கோடும் தனித்து நிற்கும் நேர் எழுத்து. நான்காவது கியோஷோ, கோடுகள் லேசாகக் கைகோத்து ஓடும். ஐந்தாவது சோஷோ. பல கோடுகள் ஒன்றாகச் சுருங்கி, ஒரே மூச்சில் ஓடி முடியும். பழகாதவரால் வாசிக்கவே இயலாது.

கைஷோவில் ஒரேயொரு கிடைக்கோடு எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். ஒன்று என்ற எண்ணைக் குறிக்கும் எழுத்து அந்த ஒரு கோடுதான். தூரிகை நிமிர்ந்து நிற்க, நுனி இடமேலிருந்து சாய்வாகத் தாளில் இறங்குகிறது. ஒரு கணம் அழுத்தம். பிறகு அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி வலப்பக்கம், மிக மெல்ல மேலேறியபடி நகர்கிறது. மணிக்கட்டு மட்டும் நகர்வதில்லை, தோளிலிருந்து முழுக் கையும் நகர்கிறது. முடிவில் நின்று, மறுபடி அழுத்தி, வந்த வழியே சற்றுத் திரும்பி எழுகிறது. நுழைவு, ஓட்டம், முடிவு என்று மூன்று கட்டம். முடிவிலும் மூன்று வகை உண்டு: நிறுத்துவது, சுண்டுவது, இழுத்து விடுவது. பள்ளிப்பிள்ளைகள் முதலில் கற்பது இவற்றைத்தான். ஒரு கோட்டுக்கே இத்தனை என்றால், இருபது கோடுள்ள எழுத்துக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பயிற்சியின் பெயர் ரின்ஷோ. பழைய ஆசான்களின் எழுத்தை முன்னால் வைத்து அப்படியே எழுதிப்பார்ப்பது. முதலில் வடிவத்தைப் பிடிக்க வேண்டும், பிறகு எழுதியவரின் மனப்போக்கைப் பிடிக்க வேண்டும், கடைசியில் மூலத்தைப் பார்க்காமலே அந்த நடையில் எழுத வேண்டும். நான்காம் நூற்றாண்டுச் சீன ஆசான் வாங் ஷிஜியின் எழுத்தை இன்றும் ஜப்பானில் நகலெடுத்துப் பழகுகிறார்கள். நகலெடுப்பதில் அங்கே யாருக்கும் வெட்கம் இல்லை. நகலெடுக்காமல் சொந்த நடை என்று கிளம்புவதுதான் வெட்கம்.

ஜப்பானிய எழுத்து வரலாற்றில் முதலில் நிற்கும் பெயர் கூக்காய். காலம் 774 முதல் 835. 804-இல் சீனாவுக்குப் போனார். கப்பல் வழிதவறி ஃபூஜியான் கரையில் ஒதுங்கியபோது, அங்கிருந்த அதிகாரிகள் சந்தேகப்பட்டு யாரையும் உள்ளே விடவில்லை. கூக்காய் எழுதிக் கொடுத்த மனுவைக் கண்டபின் அவர்களின் போக்கு மாறியது என்று சொல்வார்கள். அவர் சக துறவி சைச்சோவுக்கு எழுதிய கடிதங்கள் கியோட்டோவின் தோஜி கோயிலில் தேசியச் செல்வமாகப் பாதுகாக்கப்படுகின்றன. அன்றாடக் கடிதம்தான். ஆனால் எழுத்தின் எடையும் ஓட்டமும் வரிக்கு வரி மாறுவதை இன்றும் மாணவர்கள் நகலெடுத்துப் படிக்கிறார்கள்.

இங்கே நமக்கும் ஓர் உறவு உண்டு. கூக்காய் அன்றைய சீனத் தலைநகரான சாங்கானில் வடமொழியையும், அதை எழுதும் சித்தம் எழுத்தையும் கற்று ஜப்பானுக்குக் கொண்டுபோனார். சித்தம் பிராமியின் வழிவந்த எழுத்து. நம் தமிழ் எழுத்தும் பிராமியின் கிளைதான். இன்றும் ஜப்பானியக் கல்லறைகளில் நட்டுவைக்கும் மரப்பலகைகளில் அந்த எழுத்தைத் தூரிகையால் எழுதுகிறார்கள். நம் எழுத்துக்கு ஓர் உறவினர் அங்கே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறார்.

கூக்காய்க்குப் பின் ஹெயான் காலத்தில், சோஷோ எழுத்து மேலும் இளகி ஹிராகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து ஆயிற்று. அரண்மனைப் பெண்கள் அதை வளர்த்தார்கள். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு மயிரிழைபோல் கோடு ஓடும். வரிகள் தாளில் ஒரே சீராக இல்லாமல் உயர்ந்தும் தாழ்ந்தும் சிதறியும் நிற்கும். அந்தச் சிதறலும் கணக்குப் பார்த்துச் செய்ததே. எழுதாத இடம் எவ்வளவு, எங்கே என்பதைத் தீர்மானிக்கும் பார்வை இங்கேதான் பழகியது. பின்னால் ஓவியர்களின் வெற்றிடமும் இந்தப் பார்வையில் வேர்கொண்டது.

பத்தாம் நூற்றாண்டின் ஓனோ நோ தோஃபூ பற்றி ஒரு கதை உண்டு. எழுத்தில் முன்னேற முடியவில்லை என்று மனம்சோர்ந்து நடந்தபோது, எட்டாத வில்லோ மரக்கிளையை நோக்கித் தவளை ஒன்று திரும்பத் திரும்பத் தாவியதையும், கடைசியில் காற்றில் கிளை வளைய அது பிடித்துக்கொண்டதையும் பார்த்தாராம். கதைதான். ஆனாலும் ஹனாஃபுதா சீட்டுக்கட்டில் அந்தக் காட்சி அச்சாகி, வீடுதோறும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிவளர்க்கிறது என்பது இதில் தெரியும்.

ஓவியம்

மை ஓவியம் சீனத்திலிருந்து ஜென் துறவிகளோடு வந்தது. கியோட்டோவின் பெரிய ஜென் மடங்கள் அதற்குப் பள்ளிக்கூடமாயின. 1415-ஐ ஒட்டி ஷோகுன் அஷிகாகா யோஷிமொச்சியின் கட்டளைப்படி ஜோசெட்சு வரைந்த படத்தில், ஓர் ஆள் வழவழப்பான சுரைக்குடுக்கையை வைத்துக்கொண்டு வழுக்கும் கெளுத்திமீனைப் பிடிக்கப் பார்க்கிறான். பிடிக்க முடியுமா? அதுதான் புதிர். படத்தின் மேல் 31 துறவிகள் தங்கள் விடையைக் கவிதையாக எழுதியிருக்கிறார்கள். மியோஷின்ஜி மடத்தின் தைசோயின் கோயிலுக்குச் சொந்தமானது அது. படம், எழுத்து, கவிதை மூன்றும் ஒரே சுருளில்.

நுட்பங்களுக்கு வருவோம். ஒரு மூங்கில் தண்டை எப்படி வரைகிறார்கள்? தூரிகையை முதலில் நீரில் முக்கி, நீர்த்த மையை முழுவதும் ஏற்றி, நுனியில் மட்டும் அடர்ந்த மையைத் தொடுவார்கள். ஒரே தூரிகையில் மூன்று அடர்த்தி. அதைச் சாய்த்து, அடியிலிருந்து மேல்நோக்கி ஓர் அழுத்தம், ஓர் ஓட்டம், ஒரு நிறுத்தம். ஒரு கணு ஆயிற்று. மயிரளவு இடைவெளி விட்டு அடுத்த கணு. ஒரே இழுப்பில் ஓரம் கறுத்து, நடு வெளுத்து, தண்டு உருண்டையாக எழுந்து நிற்கும். பிறகு அடர்ந்த மையில் கணுக்களின் வரை, கிளை, இலை. இலைக்கு அழுத்தி, இழுத்து, தூக்கினால் போதும், நுனி தானே கூர்மையாகும். கைஷோவின் கிடைக்கோட்டில் பழகிய அதே அழுத்தம், அதே நிறுத்தம். மூங்கில், ஆர்க்கிட், பிளம், செவ்வந்தி ஆகிய நான்கையும் 'நான்கு சான்றோர்' என்று அழைத்துத் தொடக்கப் பாடமாக வைத்திருப்பதன் காரணம் இதுவே. எழுத்தில் உள்ள எல்லாக் கோடுகளும் இந்த நான்கிலும் வந்துவிடுகின்றன.

மை நாரில் பரவிக் கசிவது நிஜிமி. மை வற்றி, கோட்டுக்குள் வெள்ளை தெரிவது கசுரே. அடர்த்தியிலிருந்து படிப்படியாக மறைவது பொகாஷி. ஈரம் காயாத மையின்மேல் இன்னொரு துளியைச் சொட்டி அது தானே பரவ விடுவது தராஷிகோமி. பதினேழாம் நூற்றாண்டின் சோதாட்சு இதில் தலைசிறந்தவர். கோட்டால் சுற்றெல்லை போடாமல் மையின் பரப்பாலேயே உருவம் காட்டுவது 'எலும்பில்லா' முறை. இவையெல்லாம் விபத்துபோல் தோன்றும். எந்தத் தாள் எவ்வளவு குடிக்கும், எந்த மை எவ்வளவு ஓடும் என்று ஓவியருக்குத் தெரிந்திருப்பதால்தான் விபத்து அழகாகிறது.

செஷ்ஷூவிடம் திரும்புவோம். 1420-இல் இன்றைய ஒகாயாமா பகுதியில் பிறந்தவர். சிறுவனாகக் கோயிலில் தூணில் கட்டிப்போடப்பட்டபோது கண்ணீரைத் தொட்டுக் கால்விரலால் எலி வரைந்தார் என்ற கதை புகழ்பெற்றது. அவர் காலத்துக்குப் பின் எழுந்த கதை. நடந்தது என்ன? கியோட்டோவின் ஷோகொகுஜியில் ஷூபுனிடம் பயின்றார். 1467-இல், நாற்பத்தேழு வயதில், மிங் சீனத்துக்குக் கப்பலேறினார். இரண்டாண்டு கழித்துத் திரும்பினார். 1486-இல் நான்கு பருவங்களையும் ஒரே தாளில் ஓடவிட்டு, 15 மீட்டருக்கும் நீளமான நிலக்காட்சிச் சுருளை முடித்தார். அது யாமாகுச்சி மாநிலத்தின் மோரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பாறையும் கடினமான, உடைந்த கோடுகளால் கட்டப்பட்டது. அந்தக் கட்டுமானத்தை அறுபது எழுபது வயதுவரை கட்டியவர்தான் 1495-இல் அதைச் சில வீச்சுகளாகக் கரைத்தார்.

மறு ஆண்டு, 1496-இல், இன்னொரு படம் வரைந்தார். குகைச்சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும், ஜென் மரபின் முதல் ஆசானான போதிதர்மர். பின்னால் நிற்கும் ஹுயிகே, சீடனாக ஏற்கும்படி வேண்டி, வெட்டிய தன் இடக்கையை நீட்டுகிறார். போதிதர்மரின் உடை முழுவதையும் நீர்த்த மையில், பருமனான ஒரே கோட்டால் சுற்றி வளைத்திருக்கிறார். முகங்களில் மட்டும் மெல்லிய கோடு. ஓரத்தில் தன் வயது எழுபத்தேழு என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்.

போதிதர்மர் பெயரைக் கேட்டதும் இந்த அவையில் பலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். அவர் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்று சீன நூல்கள் கூறுகின்றன. அந்த அரசு காஞ்சி என்று கருதுவோர் பலர். வரலாற்றுச் சான்று எவ்வளவு என்பதை அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். ஜப்பானிய மை ஓவியத்தில் மிக அதிகமாக வரையப்பட்ட முகங்களில் ஒன்று, தெற்கிலிருந்து வந்தவர் என்று ஜப்பானியரே நம்பும் ஒருவரின் முகம் என்பது உண்மை.

அந்த முகத்தை ஓயாமல் வரைந்தவர் ஹாகுயின். 1686-இல் பிறந்து 1769-இல் மறைந்த ஜென் ஆசான். பெரிய கண்கள், தடித்த புருவம், எதையும் விட்டுவைக்காத பார்வை. அவரைத்தான் கட்டற்ற வீச்சின் உச்சம் என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அவருடைய படங்களை அருகே போய்ப் பாருங்கள். கரிய கோடுகளுக்குக் கீழே, மங்கலாக முதற்கட்ட வரைகோடுகள் தெரியும். மேலே போட்ட கோடு சில இடங்களில் அவற்றைப் பின்பற்றாமல் விலகிப் போகிறது. திட்டம் இருந்தது. அதை மீறும் துணிவும் இருந்தது. திட்டம் இல்லாமல் மீறல் ஏது?

1539-இல் நோத்தோவில் பிறந்த ஹசெகாவா தோஹாகுவின் பைன் மரங்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஆறு மடிப்புள்ள இரண்டு திரைகள், ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் நீளம். பனிமூட்டத்தில் சில மரங்கள் மட்டும். அருகே நின்றால் மரமே தெரியாது. முரட்டுத்தனமான, கீறிய, வேகமான கோடுகள்தான் தெரியும். சில அடி பின்வாங்கினால் கோடுகள் மறைந்து, ஈரக்காற்றும் தூரமும் வந்துவிடும். வரையாத இடமே திரையின் பெரும்பகுதி. பனியை அவர் மையால் தொடவே இல்லை, மரங்களைக் கொண்டு பனியைக் காட்டிவிட்டார்.

நம் பக்கம் வந்த நீர்

இந்தக் கலைக்கும் இந்தியாவுக்கும் நேரடியான தொடர்பு 1903-இல் ஏற்பட்டது. ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தாவுக்கு வந்தார்கள். தைக்கான் ஈரத் தூரிகையால் வண்ணத்தைப் பரப்புவதைப் பார்த்த அவனீந்திரநாத் தாகூர், அதை மேலும் கொண்டுபோய், தாளையே நீரில் முக்கி எடுத்து வண்ணத்தைப் படியவைக்கும் 'வாஷ்' முறையை உருவாக்கினார். வங்க ஓவியப் பள்ளியின் மங்கலான ஒளி அப்படி வந்ததே. அவனீந்திரநாத்தின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பின்னாளில் சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரானார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான்.

தைக்கான் ஊர் திரும்பி, 1923-இல் 40 மீட்டர் நீளமான மைச்சுருள் ஒன்றை வரைந்தார். மலையில் ஒரு துளி நீர் பிறந்து, ஓடையாகி, ஆறாகி, கடலில் சேர்ந்து, மேகமாக எழும் கதை. கண்காட்சி திறந்த நாள் செப்டம்பர் 1. அன்றுதான் பெரும் கான்தோ நிலநடுக்கம். ஓவியம் தப்பியது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபு என்னவாயிற்று என்று கேட்டால், இனோவே யூயிச்சியைக் காட்டுவேன். டோக்கியோவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1945 மார்ச் 10 இரவு, குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோது பள்ளியில் பணியில் இருந்தார். தஞ்சம் புகுந்த மக்களும் பிள்ளைகளும் பெருந்திரளாக மடிந்தார்கள். அவர் மயங்கிக்கிடந்து உயிர்பிழைத்தார். முப்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1978-இல், அந்த இரவைத் தூரிகையால் எழுதினார். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து, சாய்ந்து, மூச்சுத் திணறித் தாளை நிரப்புகின்றன. அழகாக எழுதும் ஆசை அதில் துளியும் இல்லை. எழுத்துக் கலை என்பது அழகான கையெழுத்து மட்டும்தான் என்று எண்ணுவோர் அந்தத் தாளின் முன் நிற்க வேண்டும்.

ஜப்பானில் இன்றும் மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் கையில் தூரிகை தருகிறார்கள். ஜனவரி 2 அன்று புத்தாண்டின் முதல் எழுத்தை எழுதுவது வழக்கம். அந்த மாத நடுவில் அந்தத் தாளை நெருப்பிலிட, சாம்பல் உயரப் பறந்தால் கையெழுத்து தேறும் என்பார்கள். 2021 டிசம்பரில் அந்நாட்டு அரசு இந்தத் தூரிகை எழுத்தைப் பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. விசைப்பலகை யுகத்தில் இது அருகிவிடுமோ என்ற கவலை அவர்களுக்கும் இருக்கிறது.

ஓவிய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மை ஓவியம் விரைவாக வரைவதற்கு எளிய வழி என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மூங்கிலை நூறு முறை வரையுங்கள். ஒரு பழைய ஆசானைத் தேர்ந்து, கூச்சமின்றி நகலெடுங்கள். செஷ்ஷூவின் சுருள்களும் தோஹாகுவின் திரைகளும் இணையத்தில் பெரிய அளவில் காணக் கிடைக்கின்றன. பார்க்கும்போது எந்தக் கோடு முதலில் வந்தது, எது அடுத்து வந்தது என்று வரிசையைக் கண்டுபிடியுங்கள். தாள் அதை மறைப்பதில்லை.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் கையெழுத்தைத் தேர்வு மதிப்பெண்ணுக்கான சங்கதியாக மட்டும் பார்க்காதீர்கள். நம் எழுத்துகளின் வளைவுகளை நிதானமாக, நல்ல பேனாவில், நல்ல தாளில் எழுதிப் பழக அவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அழிப்பான் இல்லாமல் எழுதட்டும். பிழை வந்தால் அடுத்த தாளில் மறுபடி எழுதட்டும். கை கற்பது அப்படித்தான்.